மூன்று முறை உடைந்த இடது கண்ணாடி

கார் கண்ணாடி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே,

போன வாரம் உங்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்து, "அண்ணே, முப்பது வருஷத்துல உங்களுக்கே புரியாமப் போன வேலைன்னு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டீர்கள். நான் சிரித்து மழுப்பி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். நீங்கள் போன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. அப்படி ஒரு வேலை இருக்கிறது. ஒரே ஒரு காரின் ஒரே ஒரு கதவு. இன்றைக்கும் அதில் பாதிதான் எனக்குப் புரிந்திருக்கிறது.

கண்ணாடியை எப்படிக் கழற்றுவது, எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்குவது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதை உங்கள் செல்போனிலேயே ஆயிரம் பேர் காட்டுகிறார்கள். உடைந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாயை என்ன செய்வது என்று மட்டும் யாரும் காட்டுவதில்லை. நான் கோட்டை விட்டது அங்கேதான்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு, ஒரு புரட்டாசி மாதம், பைபாஸில் இருக்கிற நம் கடைக்கு அந்த வண்டி வந்தது. இரண்டே கதவு உள்ள ஸ்போர்ட்ஸ் கூபே. பாபநாசம் பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சலீம் பாயுடையது. அவருடைய மகன் துபாயிலிருந்து லீவில் வந்தபோது சென்னையில் பழைய வண்டியாக வாங்கி, பத்து நாள் ஆசை தீர ஓட்டி, வீட்டில் நிறுத்திவிட்டு விமானம் ஏறிவிட்டான். நம் ஊர்ச் சாலைகளில் ஒவ்வொரு வேகத்தடையிலும் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போகிற அந்த வண்டியைக் கட்டி மேய்க்கும் பொறுப்பு டிரைவர் கலியபெருமாள் தலையில் விழுந்தது.

கலியபெருமாளுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். குத்தாலத்தைத் தாண்டி ஒரு கிராமம். சலீம் பாயிடம் ஒன்பது வருடமாக வேலை. இரண்டு பெண்கள், பெரியவள் அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. பாய் ஏறினாலும் இறங்கினாலும் இடது பக்கம் ஓடி வந்து கதவைத் திறந்து, அவர் உட்கார்ந்ததும் சாத்துவார். அப்படிச் சாத்தும்போதுதான் அந்த இடது கண்ணாடி பொடிப்பொடியாகக் கொட்டிவிட்டது.

சாதாரணக் காரில் கண்ணாடியைச் சுற்றி இரும்புச் சட்டம் இருக்கும். கூபேயில் அது கிடையாது. கண்ணாடி மட்டும் கதவுக்கு மேல் அம்மணமாக நிற்கும். கைப்பிடியை இழுத்தால் கண்ணாடி தானாக ஒரு விரல் அளவு கீழே இறங்கி வழி விடும். கதவைச் சாத்தினால் மறுபடி மேலே ஏறி, கூரை ஓரத்து ரப்பருக்குள் போய் ஒளிந்துகொள்ளும். இது எனக்கு இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியாது. நல்ல பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வலது கதவின் கைப்பிடியை இழுத்தேன். கண்ணாடி விசுக்கென்று இறங்கியது. "பாய், இந்தப் பக்க மோட்டாரும் போச்சு போலிருக்கே" என்று கவலையோடு சொன்னேன். நம் கடை எலக்ட்ரீஷியன், என் வயதில் பாதிகூட இல்லாதவன், டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணே, அது அப்படித்தாண்ணே! கம்பெனியே அப்படித்தான் செஞ்சிருக்கான்!"

அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும். இந்த வண்டி எனக்குப் பிடிபடாத வண்டி என்று புரிந்திருக்க வேண்டும். அது எங்கே புரிந்தது! புதுக் கண்ணாடி வந்து மாட்டும்போது அரை நாள் மண்டை காய்ந்தது. முன்பக்கம் சரி செய்தால் பின்பக்கம் இடிக்கும். பின்பக்கத்தைச் சரி செய்தால் மேலே இடைவெளி விடும். மேலே சரியாக்கினால் முன்பக்கம் மறுபடி கெடும். நடுவில் ஒரு கட்டத்தில், எதற்காக எதைத் திருப்பினேன் என்பதே மறந்துபோய்த் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் எப்படியோ உட்கார்ந்தது. ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பெருமையில் இருந்தபோதுதான் சலீம் பாய் கேட்டார், "ஏண்ணே உடைஞ்சிச்சு?"

"கதவை ஓங்கி அறைஞ்சிருப்பாங்க பாய். இந்த மாதிரி வண்டிக்கெல்லாம் பூப்போல கை வேணும்."

பக்கத்தில் நின்ற கலியபெருமாள் பதறிப்போனார். "இல்லண்ணே, மெதுவாத்தான் சாத்தினேன். சாத்திட்டுக் கையக்கூட எடுத்துட்டேன். அதுக்கப்புறம்தான் உடைஞ்சிச்சு."

தம்பிகளே, இந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. காதில் விழுந்தது, அவ்வளவுதான். எல்லா டிரைவரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையைக் கழுவப் போய்விட்டேன்.

கார்த்திகையில் அதே வண்டி, அதே கதவு. பாயின் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போக ஏறி உட்கார்ந்திருக்கிறார். கலியபெருமாள் கதவைச் சாத்தியிருக்கிறார். கண்ணாடி முழுக்க அந்த அம்மாவின் மடியில் கொட்டிவிட்டது. கூர் இல்லாத தூள்தான், கையில் இரண்டு சிராய்ப்போடு போயிற்று. ஆனால் பயந்துபோய் அழுதிருக்கிறார். பாய் கடைக்கு வந்தபோது முகம் சிவந்திருந்தது. பின்னால் கலியபெருமாள், மழையில் நனைந்த சட்டையோடு நின்றார்.

"ராஜேந்திரண்ணே, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. மாட்டினதுல கோளாறா, சாத்தினதுல கோளாறா?"

உண்மையைச் சொன்னால், எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நான் மாட்டிய அளவு மாறவில்லை. ஒரு போல்ட்கூட இளகவில்லை. கதவில் அடிபட்ட தடம் இல்லை. ஓங்கி அறைந்ததால் உடைந்தது என்று நானே சொல்லியிருந்தேனே, அதற்கும் ஒரு ஆதாரம் கண்ணில் படவில்லை. 'தெரியலை பாய், வண்டிய ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கடையில் நாலு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் வேலை பார்த்தவன் 'தெரியலை' என்று சொன்னால் என்ன மரியாதை என்று தோன்றியது. கலியபெருமாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்காக ஏதாவது பேசுவேன் என்று நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

"மாட்டினதுல கோளாறு இல்ல பாய்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். கலியபெருமாள் பெயரைக்கூட எடுக்கவில்லை. அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. மிச்சத்தை சலீம் பாயே முடித்துக்கொண்டார். கலியபெருமாள், "கைய எடுத்தப்புறம்தாண்ணே..." என்று ஆரம்பித்தார். பாய் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். இரண்டாவது கண்ணாடி மாட்டி முடித்து வண்டியை எடுக்க வேறு யாரோ வந்தார்கள். கலியபெருமாளை வேலையை விட்டு நிறுத்திவிட்டதாக அவர்கள் சொல்லித்தான் தெரியும்.

என் பூர்வீகம் உங்களில் சிலருக்குத் தெரியும். எங்கள் அப்பாவும் அம்மாவும் பண்ணையில் கூலி வேலை செய்தவர்கள். பண்ணை வீட்டில் ஒரு செம்பு காணாமல் போனால் முதலில் எங்கள் தெருவுக்குத்தான் ஆள் வரும். "நான் எடுக்கலைங்க" என்று எங்கள் அப்பா சொல்லி நான் கேட்டிருக்கிறேன். யாரும் நம்பாத குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அதே குரலை என் கடை வாசலில் கேட்டுவிட்டு, ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

தை மாதம் சலீம் பாய் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். வேகமாகப் போனால் இடது பக்கம் காற்று விசில் அடிக்கிறதாம். நான் கதவைத் திறந்து திறந்து சாத்திப் பார்த்தேன். ஏழெட்டு முறை ஒன்றுமில்லை. அடுத்த முறையும் இரண்டே விரலால், தூங்குகிற குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுகிற மாதிரிதான் சாத்தினேன். கையை எடுத்துவிட்டேன். கண்ணாடி மெல்ல மேலே ஏறியது. டப்பென்று ஒரு சத்தம். என் செருப்பு மேலெல்லாம் கண்ணாடித் தூள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்றடி தள்ளி பாய் நிற்கிறார். அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருந்ததா? "இந்த லாட் கண்ணாடியே சரியில்ல பாய்" என்றது.

சலீம் பாய் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம். என் செருப்பு மேல் கிடந்த தூளைப் பார்த்துவிட்டு, "கலியபெருமாள் சாத்தி உடைஞ்சப்ப கையச் சொன்னீங்க. இப்ப நீங்க சாத்தி உடைஞ்சா கண்ணாடியச் சொல்றீங்க" என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "லுஹருக்கு நேரமாச்சு. தொழுதுட்டு வர்றேன். அதுக்குள்ள யோசிச்சு வைங்கண்ணே."

யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிஞ்சியது. கண்ணாடியே மட்டமா? இரண்டையும் வேறு வேறு இடத்திலிருந்து வரவழைத்திருந்தோம். மோட்டார் அதிகமாகத் தள்ளுகிறதா? எலக்ட்ரீஷியன் சோதித்துவிட்டு, "சரியாத்தாண்ணே இருக்கு" என்றான். வெயிலா? இரண்டாவது கண்ணாடி அடைமழையில் உடைந்தது. கதவு இறங்கியிருக்கிறதா? அளந்தேன், இல்லை. செய்வினை என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த நிமிடம் எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருப்பேன்.

கண்ணாடி இல்லாத கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இடது சீட்டில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் கலியபெருமாள் இரண்டு தடவை சொல்லி, நான் இரண்டு தடவையும் காதில் போட்டுக்கொள்ளாதது நினைவுக்கு வந்தது. கையை எடுத்த பிறகு. எனக்கும் அப்படித்தானே ஆயிற்று? கையை எடுத்த பிறகு கதவு அசைவதில்லை. கண்ணாடி மட்டும்தான் அசைகிறது, மேலே போகிறது. அப்படியானால் மேலே எதையோ போய் முட்டுகிறது.

இரண்டு தடவையும் நான் கதவுக்குள், சீட்டுக்கடியில், தரையில் எல்லாம் சுத்தம் செய்திருந்தேன். தூள் கீழேதானே விழும் என்று கூரை ஓரத்து ரப்பரை ஒரு முறைகூடத் தடவிப் பார்க்கவில்லை. இப்போது அந்த ரப்பரின் மடிப்புக்குள் விரலை விட்டு, முன்னாலிருந்து பின்னால் தடவிக்கொண்டு போனேன். முக்கால்வாசி தூரத்தில் சுருக்கென்று குத்தி ரத்தம் வந்தது. நகத்தளவு கட்டுக்கம்பி. அதில் ஜிகினா இழை ஒன்று சுற்றியிருந்தது. மடிப்புக்குள் படுத்துக் கிடந்தால் ஒன்றும் செய்யாது. எப்போதாவது புரண்டு முனையை நீட்டினால், ஏறி வருகிற கண்ணாடியின் ஓரம் நேராக அதில் போய் இடிக்கும். இந்தக் கண்ணாடியை நடுவில் குத்தினால்கூடத் தாங்கும். ஓரத்தில் ஒரு கூர் பட்டால் போதும், முழுசும் போய்விடும்.

தொழுதுவிட்டு வந்த சலீம் பாயிடம் உள்ளங்கையை நீட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கம்பியைப் பார்த்தார். ஜிகினாவைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஆவணியில தங்கச்சி மவன் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு இந்த வண்டியத்தான் ஜோடிச்சோம்."

மற்ற கார்களில் பூச்சரத்தின் கம்பியைக் கதவுச் சட்டத்தில் சுற்றி முறுக்கிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். இதில் சட்டம் இல்லை. ஜோடனைக்காரர்கள் கம்பி முனையை ரப்பர் மடிப்புக்குள்ளேயே செருகிவிட்டிருக்கிறார்கள். மறுநாள் பூவைப் பிய்த்தெடுத்தபோது முனை உடைந்து உள்ளே தங்கிவிட்டது. நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"கலியபெருமாள் அன்னைக்கே வேணாம்னாண்ணே. ரப்பர் கெட்டுடும் பாய், பூவ முன்னாடி மட்டும் கட்டுவோம்னான். ஊரே பாக்குற ஊர்வலம், சும்மா இருடான்னு நாந்தான் பக்கத்துல நின்னு கட்டச் சொன்னேன்."

பிறகு அவர், "நீங்க போய் அவனப் பாத்துட்டு வாங்கண்ணே. எனக்கு அவன் மூஞ்சில முழிக்கக் கூச்சமா இருக்கு" என்றார்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாலாவது கண்ணாடி மாட்டினேன். இன்று வரை உடையவில்லை. அந்த விசில் சத்தம் மட்டும் போகவே இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

மறுநாள் காலை என் பழைய காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். குத்தாலத்தைத் தாண்டியதும் பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. சம்பா அறுவடை நேரம். மீதிப் பாதியில் ஒதுங்கி ஒதுங்கிப் போய்ச் சேர்ந்தேன். வயலோரத்தில் ஒரு டிராக்டர் பக்கத்தில் தலையில் துண்டோடு கலியபெருமாள் நின்றிருந்தார். அறுப்பு முடியும் வரை நெல் ஏற்றுகிற வேலையாம். என்னைப் பார்த்ததும் துண்டை அவிழ்த்து, "வாங்கண்ணே" என்றார். அந்த மரியாதையை வாங்கிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை என்று பட்டது.

கம்பியை அவர் கையில் வைத்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். என் கையில் உடைந்ததையும், கண்ணாடி லாட் மேல் பழி போட்டதையும் மறைக்கவில்லை. அவர் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப மூணு கண்ணாடியும் இதாலதான் உடைஞ்சிச்சாண்ணே?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் பழைய வியாதி அதுதானே?

"மூணாவது இதாலதான் தம்பி. மொத ரெண்டும் இதாலயாத்தான் இருக்கணும்னு மனசு சொல்லுது. ஆனா நான் பாக்கல. நிச்சயமா எனக்குத் தெரியல."

அவர் கம்பியைத் திருப்பி என் கையில் வைத்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணே."

"அன்னைக்குக் கம்பி கெடைக்கலியே தம்பி."

"கம்பியச் சொல்லல. தெரியலன்னு."

அவரே தொடர்ந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "கொஞ்ச நாள்ல எனக்கே சந்தேகம் வந்துடிச்சுண்ணே. வெவரம் தெரிஞ்சவரு சொல்றாரே, ஒருவேள ஓங்கித்தான் சாத்திட்டனோன்னு. அந்தம்மா மடியில கண்ணாடி கொட்டுனது கண்ணுலயே நிக்குது. இப்ப வீட்டுக் கதவக்கூட ரெண்டு கையாலயும் புடிச்சுத்தான் சாத்துறேன். திருடன் மாதிரி சாத்துறேன்னு எம் பொண்ணு சிரிக்கிறா."

பாய் வரச் சொன்னார் என்று சொன்னேன்.

"பாய் கூப்புடுறாரா, இல்ல உங்கள அனுப்பிச்சாரா?"

நான் செல்போனை எடுத்து பாயின் எண்ணைப் போட்டு அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு வரப்பில் தள்ளிப் போய்விட்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் பேசியது. கலியபெருமாள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒரு தடவை துண்டால் முகத்தைத் துடைத்தார். திரும்பி வந்து போனைக் கொடுத்துவிட்டு, "என் தப்பு கலியபெருமாளுன்னு பாயே சொன்னாருண்ணே. மாசி வரைக்கும் இங்க வேல கெடக்கு, முடிச்சிட்டு யோசிச்சுச் சொல்றேன்னேன்" என்றார். யோசிக்கிற உரிமை அவருக்கு இருந்தது. நான் வற்புறுத்தவில்லை.

கிளம்பினேன். நான் சீட்டில் உட்கார்ந்ததும் ஒன்பது வருடப் பழக்கம், ஓடி வந்து என் கதவைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையாலும் மெல்லத் தள்ளினார். கதவு பூட்டிக்கொள்ளவில்லை. மறுபடி திறந்து இன்னும் மெல்லத் தள்ளினார். அப்போதும் இல்லை.

"ஓங்கிச் சாத்துங்க தம்பி."

"வேணாண்ணே."

"என் வண்டி, என் கண்ணாடி. உடைஞ்சா நானே மாட்டிக்கிறேன். சாத்துங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கதவை அகலத் திறந்தார். இரண்டடி பின்னால் போய், அந்தக் கார்த்திகையிலிருந்து அடக்கி வைத்திருந்த அவ்வளவு பலத்தையும் சேர்த்து ஓங்கி அறைந்தார். வண்டியே ஒரு குலுக்குக் குலுங்கியது. சாலையில் நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் குனிந்து, பாதி இறக்கியிருந்த கண்ணாடியின் மேல் ஓரத்தில் விரலை வைத்து முன்னாலிருந்து பின்னால் வரை தடவிப் பார்த்தார்.

"உடையலண்ணே" என்றார்.